கம்பத்துக்கு முன்னால் ஒரு வாளை மீன்

எனக்குத் தூண்டில் பைத்தியம் எப்போது பிடித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆட்டையாம்பட்டியில் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டுச் சேலை நெய்கிறவனுக்கு மீனோடு என்ன உறவு? வயிற்றுப்பாட்டுக்காகப் பிடித்தேன் என்றாலாவது ஒரு நியாயம் இருக்கும். அதுவும் இல்லை. பிடித்ததில் பாதியை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவேன். நூலின் நுனியில் ஓர் உயிர் சுண்டும்போது விரலில் ஏறுகிற விறுவிறுப்புக்காகவே போனேன். இதை எழுதும்போதும் விரல் குறுகுறுக்கிறது. அதற்கே வெட்கமாக இருக்கிறது.

நெசவுக்காரன் என்பதால் தூண்டில் கயிற்றுக்கு நான் யாரிடமும் போய் நின்றதில்லை. பாவு நூலில் நல்ல முறுக்குள்ளதாக எடுத்து, பல இழை சேர்த்து இராட்டையில் முறுக்குவேன். பனிச்சங்காயை இடித்து, அந்தச் சாற்றில் ஊறப்போட்டு நிழலில் காயவைப்பேன். காய்ந்ததும் மறுபடி ஊறல். நூல் கறுத்து விறைத்துவிடும். எத்தனை நாள் தண்ணீரில் கிடந்தாலும் இற்றுப்போகாது. முள்ளை உடைந்த குடைக்கம்பியில் கொல்லர் அடித்துக் கொடுப்பார். வாளைக்குப் பல் அதிகம், நூலைக் கடித்து அறுத்துவிடும். அதனால் முள்ளை ஒட்டி ஒரு சாண் பித்தளைக் கம்பி. கயிற்றின் அடி நுனியில் ஈயக் குண்டு. அதற்குச் சற்று மேலே கிளைபோல முள். குண்டு தரையில் கிடக்க, முள் தரையைத் தொடாமல் இரையோடு நிற்கும். ஆழத்தில் கிடக்கிற பெரிய மீனுக்கு இதுதான் வழி. தக்கையை மிதக்கவிட்டு அதையே வெறித்துக்கொண்டிருப்பதெல்லாம் கெண்டைக்குத்தான் சரி.

இரையும் ஆளுக்கொரு ருசி. கெண்டைக்குப் பெருங்காயம் சேர்த்துப் பிசைந்த தவிட்டு உருண்டை, கெளுத்திக்கு மண்புழு, விராலுக்குத் தவளைக் குஞ்சு. வாளைக்குக் கோழிக்குடல், அதுவும் ஒரு நாள் வைத்திருந்து நாறினால் ரொம்ப விசேஷம். பருப்புச் சட்டி என்று நினைத்து என் குடல் சட்டியை ஒருமுறை என் மனைவி திறந்துவிட்டாள். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

எங்கள் தெருவில் பாவு போடுவது ஊர்கூடித் தேர் இழுக்கிற மாதிரி. விடியும்முன் தெரு நீளத்துக்கு நூலை நீட்டிக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் கஞ்சி பூசி, இழை இழையாகப் பிரித்து நீவி முடிக்க வேண்டும். இன்றைக்கு என் பாவுக்கு நீ வந்தால் நாளைக்கு உன் பாவுக்கு நான். எங்கள் பாவு போட்ட ஒரு நாள், கஞ்சி பூசுவதற்குள் திரும்பிவிடலாம் என்று நான் இருட்டோடு திருமணிமுத்தாற்றுக்குப் போனேன். மீன் கடித்தது, திரும்பவில்லை. தெருக்காரர்கள் எல்லாம் வந்து நிற்க, பாவுக்குச் சொந்தக்காரனைக் காணோம். என் மனைவி தனியாகக் கெஞ்சிக் கூத்தாடி ஆட்களை நிறுத்திப் பார்த்திருக்கிறாள். பாதிப் பாவு ஒட்டிக்கொண்டு வீணானது. "தறியில உக்கார வேண்டியவன் தண்ணியில உக்காந்திருக்கறானுங்க" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். நான் கெளுத்திக் கோர்வையோடு வந்தபோது அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் எங்கூட்டுக்குப் போறனுங்க. நீங்க மீனோடயே குடும்பம் நடத்துங்க" என்றாள். போயும் விட்டாள்.

மாமனார் ஊர் திருச்செங்கோட்டுக்குத் தெற்கே காவிரிக்கரையில் இருந்தது. அவரும் நெசவாளிதான், அதிகம் பேசாதவர். மகளை ஏன் அனுப்பினாய் என்று என்னிடம் ஆள்விட்டுக் கேட்கவும் இல்லை; வந்து கூட்டிக்கொண்டு போ என்று சொல்லி அனுப்பவும் இல்லை. அந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் போனபின் ஊடை நூலைத் தாரில் சுற்ற ஆளில்லாமல் தறி தூங்கியது. பங்குனி வெயிலில் ஒரு நாள், என்ன சொன்னாலும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டு அவளை எப்படியாவது அழைத்து வந்துவிடுவது என்று கிளம்பினேன்.

திருந்தி வருகிறேன் என்று சொல்லப் போகிறவன், மூங்கில் குச்சியில் சுற்றிய கயிற்றை மடியில் ஏன் செருகிக்கொண்டேன்? திருச்செங்கோட்டில் கோழிக்குடல் வாங்கி ஆமணக்கிலையில் ஏன் பொதிந்துகொண்டேன்? இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்பதும் பொய்தான்.

மேட்டூரில் அணை கட்டி ஆற்றுக்கு மூக்கணாங்கயிறு போட்டிருந்த காலம் அது. கோடையில் மணல் தெரியும். பாறைகளுக்கு இடையே மட்டும் மடுக்களில் தண்ணீர் கறுத்து நிற்கும். மாமனார் ஊருக்கு மேலே அப்படி ஒரு மடு. ஓரத்தில் பொடிமீன்கள் சட்டென்று சிதறித் துள்ளின. அடியில் வாளை இருக்கிறது என்று அர்த்தம். ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். வெறுங்கையோடு போவதைவிட மீனோடு போனால் மாமியார் குழம்பு வைப்பார், மாமனார் மனம் இளகும் என்று நியாயமும் கண்டுபிடித்துக்கொண்டேன்.

குண்டு தரையைத் தொட்டதும் கயிற்றை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தேன். முதலில் டுக்டுக்கென்று வந்தது கெளுத்தியின் கொறிப்பு. அதற்கு அசையக்கூடாது. பிறகு ஒரு கனம், யாரோ கயிற்றை வாங்கிக்கொண்டு நடந்துபோவது போல. அப்போதும் இழுக்காமல் விட்டுக்கொடுத்து, இரையை விழுங்கித் திரும்புகிற நேரம் பார்த்து ஒரே சுண்டு. பாறைப் பக்கம் போகவிடாமல் நீண்ட நேரம் அலைக்கழித்து, மணல் ஏறிய ஓரத்துக்குக் கொண்டுவந்து, செவுளுக்குள் கைவிட்டுத் தூக்கினேன். என் தோளிலிருந்து முழங்கால் வரை தொங்கியது. அவ்வளவு பெரிய வாளையை நான் அதற்குமுன் பிடித்ததில்லை.

அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் நுழைந்தேன். மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் கூட்டமாகப் பெண்கள், ஈரச்சேலையும் குடமுமாக. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. மீனைப் பார்த்து வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்து, அது நன்றாகத் தெரியும்படி தோளை மாற்றிக்கூடப் போட்டுக்கொண்டேன். இந்த ஒன்றை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது.

பிறகுதான் கம்பத்தைப் பார்த்தேன். முக்கிளையாகப் பிரிந்த மரக்கொம்பு, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, கோயில் முன் நட்டிருந்தது. எங்கள் பக்கம் மாரியம்மனுக்கு ஆடியில்தான் பண்டிகை, நோம்பி என்போம். இந்த ஊரில் பங்குனியில். ஊரறிய நோம்பி சாட்டிக் கம்பம் நட்டுவிட்டால், முடிகிறவரை ஊரெல்லைக்குள் கறிமீன் வராது; எண்ணெய்ச் சட்டி வைத்து யாரும் தாளிக்கக்கூட மாட்டார்கள். பெண்கள் தினமும் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். எனக்கு இதெல்லாம் தெரியாததல்ல. ஊருக்கு ஊர் மாதம் மாறும் என்பது மட்டும் அந்த வாளையைக் கண்டதும் மறந்துபோயிற்று.

கோயிலில் இருந்த ஊர்ப் பெரியவர் எழுந்து வந்தார். "இது யாரூட்டு மாப்பிள்ளைங்க?" என்று கேட்டார். என் பெயரைக் கேட்கவில்லை. யார் வீடு என்றுதான் கேட்டார். கூட்டத்தில் குடத்தோடு நின்றிருந்த என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மாமனார் வந்தார். என்னைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். பெரியவரிடம் திரும்பிக் கைகூப்பினார்.

"மாப்பிள்ளைக்கு நோம்பி சாட்டுனதை நான் போயிச் சொல்லியிருக்கோணுமுங்க. சொல்லாம உட்டது நாந்தானுங்க. தப்பு என்னோடதுங்க, அவரு மேல இல்லீங்க."

"நீங்க ஒண்ணும் மீனைத் தூக்கியாரச் சொல்லலீங்களே" என்றார் பெரியவர்.

"சொல்லியிருந்தா அவரு கொண்டாந்திருக்க மாட்டாருங்க."

மாமனார் ஒருத்தியிடமிருந்து குடத்தை வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டார். அந்த வயதில், அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, ஈர வேட்டியோடு கம்பத்துக்கு முன்னால் புழுதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்தபோது மார்பெல்லாம் சேறு. நான் முன்னால் போக அடியெடுத்தேன். "அங்கயே நில்லுங்க, கையெல்லாம் மீனு" என்று ஒரு பையன் சொன்னான். நின்றேன். நாணிக் கோணி நிற்பது என்று சொல்வார்களே, அதுகூட வரவில்லை, வெறுமனே நின்றேன். மீனை இரண்டு பேர் வாங்கிக்கொண்டுபோய் எல்லைக்கு வெளியே புதைத்தார்கள்.

அதோடு முடிந்திருந்தால் தேவலை. நோம்பி நடக்கும்போது ஊருக்குள் வந்தவன் அது முடியாமல் போகக்கூடாது என்றுவிட்டார்கள். தாளிக்காத குழம்பைத் தின்றுகொண்டு மாமனார் வீட்டிலேயே கிடந்தேன். தெருவில் தலைகாட்டினால் பிள்ளைகள் "மீன் மாப்ள, மீன் மாப்ள" என்று பின்னால் வந்தன. வீட்டில் யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மாமியார் சோறு போட்டார். மாமனார் என்னோடு பாவு நூல் விலை பேசினார். திட்டியிருந்தால் எதிர்த்தாவது பேசியிருப்பேன். என் மனைவி என் இலையில் தண்ணீர் தெளித்துவிட்டு, முகம் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள். வருவாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை.

கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் விட்ட மறுநாள், அவள் மூட்டையோடு வாசலில் வந்து நின்றாள். மாமனார் தெருமுனை வரை வந்தார். "அடுத்த நோம்பிக்கு நானே வந்து சொல்லிப்போடறனுங்க மாப்ள" என்றார். அதில் குத்தல் இல்லை, மெய்யாகவே சொன்னார். எனக்கு அதற்குமேல் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஊர் மறைந்த பிறகு, "எம்மேல கோவம் தீந்துருச்சா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கோவம் எங்கீங்க தீருது" என்றாள். "உங்களை நம்பியும் நான் வரலீங்க. எங்கப்பன் உங்களுக்காவ ஊருக்கு முன்னால உளுந்து கும்புட்டாரு. நான் வராம இருந்துட்டா, அவரு உளுந்தது வீணாப் போயிருமுங்க. அதுக்குத்தான் வாரேன்."

சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அவளோடு சேர்ந்து நடக்க எனக்குக் கால் வரவில்லை. திருச்செங்கோடு வரை நாலடி பின்தங்கியே போனேன்.