லேப்டாப்புக்குள் ஒளிந்திருந்த பக்கங்கள்

நிலக்கரி மைன்ஸில் என் கணவருடைய கான்ட்ராக்ட் வேலை முடிந்து, திரும்பக் கூப்பிடாமல் விட்டிருந்த சமயம் அது. வடக்குத்தில் இருந்த எங்கள் வாடகை வீட்டில் பகலெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பார். அடுத்த வேலை பற்றிக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

என் பழைய லேப்டாப் சூடேறி, பாதியில் தானாக அணைந்துவிடும். மறுநாள் காலை எனக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. அதற்குள் சரி செய்து தருவதாகச் சொல்லி அதை எடுத்துக்கொண்டார். லேப்டாப் செய்தவர்கள் சில செட்டிங்குகளை நம் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருக்கிறார்கள், அவற்றைத் திறந்தால் சூட்டைக் குறைக்கலாம் என்று எங்கோ படித்திருந்தார். விண்டோஸ் வருவதற்கு முன் தெரியும் திரையில் ஏதேதோ பட்டன்களைச் சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தார். மத்தியானம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் பார்த்தேயிராத பக்கங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. வெகுநாள் கழித்து அவர் சிரித்தார். போதும், விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் லேப்டாப்பில் விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது. எதை மாற்றினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"நல்லா இருந்ததையும் கெடுத்துட்டேன். என்னால இனிமே ஒண்ணும் ஆவாது," என்றார்.

லேப்டாப்பை மட்டும் சொல்லவில்லை என்று புரிந்தது. வந்த கோபம் போய் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"கழட்டிப் பாருங்க. நான் லைட் புடிக்கிறேன்," என்றேன்.

உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியின் ஒயரைப் பிடுங்கி வைத்தால் எல்லாம் பழையபடி ஆகும் என்று என் போனில் தேடிப் படித்தோம். பிடுங்கிவிட்டுக் காத்திருந்தோம். அப்போதுதான், தலை நிமிராமல் சொன்னார்:

"ஊர்ல அப்பாகிட்ட வேல போனத இன்னும் சொல்லல. டெய்லி போன்ல, ஷிஃப்ட் முடிச்சி வந்துகினு இருக்கேன்னு சொல்றேன்."

காடாம்புலியூரில் இருக்கும் மாமனாருக்குத் தெரியும் என்றே நான் நினைத்திருந்தேன். லைட்டைப் பிடித்தபடி இருந்தேன்.

ஒயரை மாட்டியதும் திரை வந்தது. அந்தப் பக்கங்களை அவர் மறுபடி திறக்கவில்லை. மறுநாள் லேப்டாப்புக்குப் பக்கத்தில் டேபிள் ஃபேனை வைத்துவிட்டு, இன்டர்வியூ முடியும்வரை வாசலிலேயே நின்றார். அது அணையவில்லை. ஆனால் அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

அன்று மாலை வேலை போனதைச் சொல்ல, வாசலுக்குப் போய்த் தன் அப்பாவுக்குப் போன் செய்தார். சீக்கிரமே உள்ளே வந்துவிட்டார்.

"அப்பா ஒண்ணுமே சொல்லல. வெச்சிட்டாரு," என்றார்.