ஊற்றில் விட்ட மாலை

2017ஆம் ஆண்டு ஆடிப் பதினெட்டு, ஆகஸ்ட் மூன்றாம் தேதி, வியாழக்கிழமை வந்தது. ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டுப் பாலக்கரையிலிருந்து எல்லோரும் காவிரிக்கரை அம்மா மண்டபம் போனோம். வைகாசியில் கல்யாணமான சித்தியும் சித்தப்பாவும், காயவைத்துப் பத்திரப்படுத்திய கல்யாண மாலைகளை ஆடிப்பெருக்கு வழக்கப்படி காவிரியில் விட வேண்டும். காவிரியில்தான் தண்ணீர் இல்லை. படித்துறைக்குக் கீழே வெறும் மணல். குளிக்க வருகிறவர்களுக்காகக் குழாய் இழுத்து ஷவர் வைத்திருந்தார்கள்.

"ஷவருக்கு அடியில விட்டுருவோமா?" என்றார் மாமா. சித்திக்குக் கண் கலங்கிவிட்டது.

சித்தப்பாவுக்கு லால்குடிப் பக்கம் நெல் வயல். அந்தக் கோடையில் அவருடைய போர்வெல் காற்றை மட்டும் கக்கியது. ஊர் ஏரியைத் தூர் வாரலாம் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார், யாரும் வரவில்லை.

குழாய் வேலைக்காரர்களிடம் மண்வெட்டி வாங்கி, சித்தப்பா ஆற்று மணலில் ஊற்றுத் தோண்ட இறங்கினார்.

"மாப்பிள்ளை ஏரி வெட்டப் போறாரு, வழி விடுங்க!" என்றார் மாமா.

"சிரிங்க மச்சான். இப்பல்லாம் மழை வந்தா மொத்தமா கொட்டுது, இல்லாட்டி வருஷக்கணக்கா காணோம். கொட்டறப்ப பிடிச்சு வெக்க வேணாமா?"

நானும் கொட்டாங்குச்சியால் மணல் அள்ளினேன். சித்தப்பாவின் இடுப்பு மறைந்த பிறகுதான் அடியில் கொஞ்சம் கலங்கல் தண்ணீர் கசிந்தது. நாங்கள் கை தட்டினோம். சித்தி மாலைகளை இறக்கினாள். அவை மிதக்கவில்லை, சேற்றில் ஒட்டிக்கொண்டன.

சித்தப்பா மேலே ஏறவில்லை. குழியின் சுவரைச் சாண் போட்டு அளந்தார். "ஆத்துலயே தண்ணி இவ்வளவு கீழ போயிருச்சா" என்றார், யாரிடம் என்றில்லாமல். விளையாடுகிறார் என்று நினைத்து அவர் தலையில் ஒரு கை மணலைப் போட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்து வந்த தை மாதம் இருவரும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த ஆடிப் பதினெட்டுக்குக் காவிரி கரை முட்ட ஓடியது. படித்துறையில் நின்று அப்பாவின் போனில் கூப்பிட்டேன். "சித்தப்பா, தண்ணி வந்துருச்சு! எவ்வளவு தெரியுமா!"

அந்தப் பக்கம் தையல் மெஷின்களின் இரைச்சல். அதை மீறிக் குரலை உயர்த்திக் கேட்டார்: "நம்ம ஊர் ஏரியில ஏதாச்சும் நின்னுச்சா பாப்பா?"

ஆற்றைச் சொன்னால் ஏரியைக் கேட்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் கேட்கட்டும் என்று போனை ஆற்றின் பக்கம் நீட்டிப் பிடித்தேன். அத்தனையும் கடலுக்குப் போகிற சத்தம் என்று எனக்கு அப்போது தெரியாது.