மெனுவில் நான் வெட்டிய பெயர்

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். யார் நெய்த புடவை என்று பார்த்து வாங்கும்படி, மெனுவில் நெசவாளர் பெயர்களையே வகைகளாக வைக்கச் சொன்னார் முதலாளி. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைக் கரைப் புடவையை ஒற்றை ஆளால் நெய்ய முடியாது. ஒருவர் நெய்ய, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைப் போட்டுத் தர வேண்டும். அதனால் புருஷன் பெயர், நடுவில் ஒரு கோடு, பெண்டாட்டி பெயர் என்று ஜோடியாகவே எழுதிக் கொடுத்திருந்தார்.

போனில் பார்த்தால் ஒவ்வொரு ஜோடியும் இரண்டு வரியாக மடங்கியது. எனக்கு அது அசிங்கமாகப் பட்டது. மெனுவின் டெம்ப்ளேட்டைத் திறந்து, கோட்டுக்குப் பிறகு வருவதைக் காட்டாதபடி ஒரு வரி சேர்த்தேன். யாரையும் கேட்கவில்லை. அழகாம், பெரிய அழகு!

ஐயம்பேட்டையிலிருந்து புடவை கொடுக்க வந்த ஓர் அம்மா, கடையில் என் போனை வாங்கிப் பார்த்தார்.

"எங்க வூட்டுக்காரரு பேரு இருக்குது. என் பேரு எங்கப்பா?"

"கம்ப்யூட்டர் தானா வெட்டிடுச்சும்மா" என்றேன். வாய் கூசவேயில்லை.

"மெஷினுதானே, வுடுப்பா. கூட உக்காந்து நெய்யறது யாருன்னு அதுக்கு என்னா தெரியும்?" என்று சிரித்துக்கொண்டே போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் போன கையோடு அந்த வரியை எடுத்துவிட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெட்டியது நான்தான் என்பதை மட்டும் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

மெஷினுக்குத் தெரியாதுதான். எனக்குத் தெரிந்திருந்தது.