இரண்டு பேருக்கு வெட்டிய பங்கர்

சில மாதத்துக்கு முன் கனடாவிலிருந்து மகள் தொலைபேசியில் ஒரு அறையைக் காட்டினாள். பிள்ளை பிறக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தது. அதற்குள் அந்த அறை கடை மாதிரி நிறைந்துவிட்டது. மடக்கி விரிக்கிற தள்ளுவண்டில் இரண்டு. ஒன்று பனிக்குள் தள்ளுவதற்காம், மற்றது பஸ்ஸில் ஏற்றுவதற்காம். குளிக்க வார்க்க ஒரு தொட்டி, நெஞ்சில் கட்டித் தூக்க ஒரு பை, காருக்குள் பூட்டுகிற கதிரை ஒன்று. அந்தக் கதிரை இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் பிள்ளையை வெளியே விடமாட்டார்களாம். மருமகன் எதையும் சோதித்துப் பார்க்கிற ஆள். அரிசிப் பை ஒன்றை அதில் வைத்து, வாரை இறுக்கி, காரில் ஊரைச் சுற்றிவிட்டு வந்தாராம். அரிசி அசையவில்லை என்று எனக்குச் சொன்னார். நல்லது தம்பி என்றேன்.

பக்கத்தில் இருந்த என் மனைவி பூமணி எல்லாவற்றையும் பார்த்தாள். "வடிவாயிருக்குப் பிள்ளை" என்று மட்டும் சொன்னாள். பிறகு எழும்பிப் போய்ச் சாமியறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சோறு ஆறிப்போகும் வரைக்கும் வெளியே வரவில்லை.

பேரன் சுகமாகப் பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்கும் கழிந்துவிட்டது. சன்னிதியான் காத்தான். அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன். பிறக்க முன்னம் என்றால் எழுதியிருக்க மாட்டேன்.

தொலைபேசிக்குள்ளால் மணம் வராது என்கிறார்கள். எனக்கு அன்று புதுப் பிளாஸ்ரிக் மணம் வந்தது. அந்த மணம் என் தம்பி கொண்டுவந்த வண்டிலின் மணம். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்கு அடுத்த வருஷம் அவன் கப்பல் வேலையிலிருந்து லீவில் வந்தான். வழியில் எந்தத் துறைமுகத்திலோ நீலக் கூடாரம் போட்ட பிள்ளை வண்டில் ஒன்று வாங்கியிருந்தான். இணுவில் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, அதற்குள் தன் சூட்கேசை ஏற்றி, அதற்கு மேல் யாரோ கொடுத்த பூசணிக்காயையும் வைத்து, ஒழுங்கை வழியே தள்ளிக்கொண்டு வந்தான். சனம் படலைக்குப் படலை நின்று பார்த்தது. பூமணிக்கு அது முதற்பிள்ளை, எட்டாம் மாதம்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறக்க முன்னம் அதற்கென்று ஒரு சாமானும் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். வெறும் தொட்டிலை ஆட்டவும் விடமாட்டார்கள். ஆனால் வெறும் வண்டிலைத் தள்ளலாமா கூடாதா என்பது பற்றி அன்றைக்கு ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஏனென்றால் அதற்கு முன் எங்கள் ஒழுங்கைக்குள் அப்படி ஒரு வண்டில் வந்ததில்லை. கூடாது என்று பிறகுதான் முடிவானது.

அந்தப் பிள்ளை அழாமல் பிறந்தது. ஆண்பிள்ளை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வராது.

தம்பியை ஒருவரும் முகத்துக்கு நேரே ஒன்றும் கேட்கவில்லை. அவனே லீவு முடிய முன்னம் போய்விட்டான். வண்டில் வேலிக்கு அந்தப் பக்கம், பூமணியின் தமக்கை வீட்டுக்குப் போனது. மச்சாள் அதில் விறகும் வாழைக்குலையும் ஏற்றினார். ஒரு பாவமும் ஒட்டாத மாதிரி வேலை வாங்கித் தேய்க்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

பிறகு பல வருஷம் ஒன்றும் தங்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டுச் சைக்கிளில் தொண்டைமானாற்றுக்குப் போவேன். அங்கே சன்னிதி முருகன் கோயிலில் ஒரு பிடி அன்னதானச் சோறு சாப்பிட்டு, பூமணிக்குத் திருநீறு மடித்துக்கொண்டு திரும்புவேன். பிறகு வழியில் ஆமிக் காம்ப் வந்தது. சுற்றிப் போனேன். பிறகு சுற்றியும் போக முடியாத வெள்ளிகள் வந்தன. அந்த நாட்களில் கிணற்றடியில் நின்று வடகிழக்குப் பக்கமாகக் கும்பிட்டேன். சாமிக்கு ஒருவரும் பாதை மறிக்க ஏலாது என்று நம்பினேன். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் அந்த வருஷங்களில் எழும்பி முகம் கழுவுவதற்கே மனம் வந்திராது.

தொண்ணூறுக்குப் பிறகு பூமணிக்கு மறுபடியும் தங்கியது. தங்கிய நேரத்தைப் பாருங்கள். தெற்கே பாதை பூட்டு, மற்றப் பக்கம் எல்லாம் கடல், மேலே குண்டு போடுகிற பொம்மர். சவுக்காரம் இல்லை, பற்றரி இல்லை, பெற்றோல் இல்லை. கிளாலிக் கடலால் வள்ளத்தில் போகிறவர்கள் போனார்கள். பிள்ளைத்தாய்ச்சியை அதில் ஏற்ற எனக்குத் துணிவில்லை. இருந்த இடத்தில் இருப்போம் என்று இருந்தோம். இருந்தோம் என்பது பெரிய சொல். போக ஒரு இடமும் இல்லை, அவ்வளவுதான்.

அதற்குள் பூமணி போட்ட சட்டம் வேறு. "வீட்டுக்கை ஒண்டும் வரப்படாது. ஒரு துண்டுத் துணிகூட. நீங்கள் மனசிலையும் ஒண்டும் எண்ணப்படாது" என்றாள். மனதில் எண்ணாமல் இருப்பது எப்படி என்று நான் கேட்கவில்லை. வயிற்றில் இருந்ததை அவள் பிள்ளை என்றே சொல்வதில்லை. "உது உதைக்குது" என்பாள். நானும் "உது நித்திரையோ?" என்று கேட்கப் பழகிக்கொண்டேன்.

மச்சாள் மட்டும் தன் வீட்டில் பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்து வைத்தார். சவுக்காரம் இல்லாததால் பனம்பழத்தைப் பிசைந்துதான் அதெல்லாம் தோய்த்தது. வெயிலில் எத்தனை முறை காயப் போட்டாலும் அந்த மணம் போகாது. பக்கத்து மாடு கொடியைக் கண்டால் வேலிக்கு மேலால் கழுத்தை நீட்டும். ஒரு துண்டை மென்றும் விட்டது.

அந்த மாதங்களில்தான் குண்டுக்குப் பதுங்க வளவுக்குள் பங்கர் வெட்டினோம். பின் வீட்டுச் சின்னத்துரை அண்ணை கல்லுடைக்கிற அலவாங்கோடு வந்தார். எங்கள் செம்மண் கொஞ்சத் தூரத்துக்குத்தான் பணியும், பிறகு கல். அதனால் ஆட்களைக் கணக்குப் பார்த்துத்தான் அளவு போடுவது. அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நியாயமான கேள்விதான் கேட்டார்.

"எத்தினை பேருக்கு?"

நான் வாய் திறக்க முன்னம் கிணற்றடியில் நின்ற பூமணி சொன்னாள்: "ரெண்டு பேருக்கு, அண்ணை."

அவர் அவளுடைய வயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஓம் பிள்ளை, ரெண்டு பேருக்கு" என்று அலவாங்கைப் போட்டார். மனிதருக்கும் பெண்சாதி பிள்ளைகள் இருந்ததால் விளங்கியிருக்கும்.

இரண்டு பேருக்கு என்றால் இரண்டு பேருக்கேதான். மேலே பனங்குற்றி அடுக்கி, மண் மூட்டை போட்டோம். ஷெல் துண்டு உள்ளே பறக்காமல் இருக்க வாயை ஒடுக்கி விட்டோம். நான் இடுப்பைத் திருப்பித்தான் இறங்கலாம். பூமணி ஒருமுறை இறங்கப் பார்த்தாள். வயிறு இடித்தது. பாதியில் நின்று திரும்பி ஏறினாள். வாயைப் பெருப்பிக்கட்டோ என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். பெருப்பித்தால் ஏன் பெருப்பிக்கிறோம் என்ற கேள்வி வரும் அல்லவா? ஆகவே பொம்மர் வந்தால் புது பங்கரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் பூவரச மரத்தடியில் குப்புறப் படுத்தோம். அவளுக்குக் குப்புறவும் படுக்க ஏலாது. சரிந்து கிடப்பாள். சிரிக்கிறீர்களோ தெரியாது. இன்றைக்கு நினைத்தால் எனக்கே கொஞ்சம் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

பிறந்த பிறகு பங்கருக்குள் எதில் வைப்பது என்று வேலிக்கு அந்தப் பக்கம் நானும் மச்சாளும் இரகசியமாக ஆலோசித்தோம். நிலத்தில் கிடத்த முடியாது. ஈரம், எறும்பு, பூரான். பழைய வண்டிலின் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. அது விறகோடு நின்றது. நான் என் சூட்கேசைச் சொன்னேன். மூடாமல் திறந்தபடியே கொண்டுபோகலாம் என்றேன்.

"நீர் பயத்திலை மூடிப்போடுவீர்" என்றார் மச்சாள்.

கடைசியில் கடகம் என்று முடிவானது. பனையோலைக் கடகம் பாரமில்லை, காற்றுப் போகும், இரண்டு பக்கமும் பிடிக்கலாம். சுன்னாகம் சந்தையில் கடகங்களைத் தட்டித் தட்டிப் பார்த்து மச்சாள் ஒன்று தெரிந்தெடுத்தார். விற்றவள் என்னத்துக்கு என்று கேட்க, வெங்காயத்துக்கு என்றார். பிள்ளைக்கு என்று சொல்லி வாங்கினால் பிழையாகிவிடும். பொய் சொன்னதும் பிழையாகக் கூடாதென்று வீட்டுக்கு வந்து உண்மையாகவே இரண்டு நாள் அதில் வெங்காயம் போட்டு வைத்தார். அப்படி ஒரு பொம்பிளை.

பிள்ளைப்பேற்று நோ கண்ட அன்று மண்ணெண்ணெயில் ஓடுகிற கார் ஒன்று பிடித்தோம். அது விட்ட புகையில் எங்களுக்குப் பின்னால் ஊரே தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நான் வாங்கில் குந்தி, திருநீற்றுப் பொட்டலத்தைப் பிடித்தபடி இருந்தேன். மச்சாள் உள்ளே இருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தார். "கத்துது. உமக்குக் கேக்கேல்லையே? கத்துது" என்றார். ஆணோ பெண்ணோ என்று கேட்க எனக்கு வெகு நேரம் தோன்றவில்லை.

பெண்பிள்ளை. வீட்டுக்கு வந்த பிறகு கடகம் வேலி தாண்டி வந்தது. பூமணி அதை முகர்ந்து பார்த்தாள். "வெங்காயம் மணக்குது" என்று சிரித்தாள். பிள்ளையைத் தூக்க எனக்குப் பயம். கழுத்து நிற்காத குழந்தையை என் தோட்டக் கையால் எப்படிப் பிடிப்பது? எட்ட நின்று பார்த்தேன். பிள்ளை பிறந்த துடக்கு, தொடக் கூடாது என்று சாட்டும் சொன்னேன்.

சில நாளில், காலைச் சாப்பாட்டு நேரம், பொம்மர் வந்தது. முன்பே பேசி வைத்தபடி செய்தோம். முதலில் பூமணி மெல்ல இறங்கினாள். கடகத்தில் பிள்ளையை வைத்து நான் மேலிருந்து கொடுத்தேன். கடகம் பங்கர் வாய்க்குள் பாதி போய் நின்றது. தள்ளினேன், போகவில்லை. இழுத்தேன், வரவில்லை. இரண்டு பேருக்கு வெட்டிய வாய். பொம்மர் எங்கள் பக்கம் திரும்புகிற சத்தம் கேட்டது. கைப்பிடி அறுந்தது. பிள்ளையை அப்படியே வாரி எடுத்தேன். வெறும் கடகம் அடைப்பு மாதிரி வாயில் இறுகிக் கிடந்தது. பூமணி உள்ளே, நான் வெளியே. அவளுக்கு வெளிச்சமும் இல்லை, ஏறி வர வழியும் இல்லை. கீழே இருந்து அவள் கடகத்தைக் குத்துகிற சத்தம் எனக்குக் கேட்டது.

மண் மூட்டைகளின் அடியில் பிள்ளையை நெஞ்சுக்குக் கீழே வைத்து முழங்கையில் ஊன்றிக் கிடந்தேன். கும்பிட எனக்குக் கை இல்லை. முருகா என்கிற சொல் மட்டும்தான் இருந்தது.

உள்ளே இருந்து அவள் குரல் வந்தது.

"இஞ்சருங்கோ. பிள்ளை எங்கை? என்ரை பிள்ளை எங்கை?"

அந்தச் சொல்லை அவள் வாயால் முதன்முதல் கேட்டது அப்போதுதான்.

"என்ரை கையிலை இருக்கு. பயப்பிடாதையும்" என்றேன்.

"கத்தக் காணேல்லை."

"நித்திரை."

நித்திரை இல்லை. கண்ணைத் திறந்து என் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் அதை அவளுக்கு எப்படி விளக்குவது? காலை மெல்லக் கிள்ளினேன். கத்தியது. கீழே குத்துகிற சத்தம் நின்றது.

குண்டு எங்களுக்கு விழவில்லை. வேறு எங்கோ விழுந்தது. எங்களுக்கு விழவில்லை என்று சந்தோஷப்பட்டதற்கும் அன்று இரவு சாமிக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டேன். மச்சாள் அரிவாளோடு ஓடி வந்து கடகத்தைக் கிழித்தார். பூமணி தலை முழுக்க மண்ணோடு ஏறி வந்தாள். பிள்ளையை வாங்கி உள்ளங்காலிலிருந்து உச்சி வரை தடவிப் பார்த்தாள். என்னோடு ஒரு சொல்லும் கோபமாகப் பேசவில்லை. மூச்சு ஆறினதும் சொன்னாள்: "அண்ணையைக் கூப்பிடுங்கோ. மூண்டு பேருக்கு வெட்டச் சொல்லுங்கோ."

அன்று பின்னேரமே வாயைப் பெருப்பித்தோம். உள்ளே ஒரு பக்கத்தைக் கல்லோடு கல்லாக இடித்து அகலமாக்கினோம். பனங்குற்றியில் பூமணியின் கூறைக்கு அடுத்த நல்ல சேலையை ஏணையாகக் கட்டினோம். இனி எதற்கும் பயந்து ஒளிக்க இல்லை என்கிற மாதிரி அவளே அந்தச் சேலையைத் தெரிந்தெடுத்தாள். மகள் அந்த ஏணையில் தூங்கிப் பழகியதில் ஒரு வில்லங்கமும் வந்தது. வீட்டுக்குள், உயரக் கூரைக்குக் கீழே, கிடத்தினால் அழுவாள். இருட்டுக்குள், தலைக்கு மேல் குற்றி தெரிந்தால்தான் கண் மூடுவாள். சில வெள்ளிக்கிழமைகளில் பொம்மர் இல்லாமலே பிள்ளையை நித்திரையாக்க பங்கருக்குள் இறங்கியிருக்கிறோம். அடைபட்ட இடத்தில்தான் ஒரு பிள்ளைக்கு நிம்மதி வந்ததென்றால் அந்தக் காலத்தை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தொண்ணூற்றைந்தில் எல்லோரும் இடம்பெயர்ந்தோம். மகளுக்கு அப்போது ஓடித் திரிகிற வயது. மச்சாள் தென்மராட்சியில் காய்ச்சலில் படுத்து அங்கேயே கண்ணை மூடிவிட்டார். திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் ஓடும் இல்லை, கதவும் இல்லை. பங்கரின் பனங்குற்றிகளை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மழைக்கு மண் இடிந்து குழியாகக் கிடந்தது. உடைந்த ஓடுகளையும் கல்லையும் கொட்டித் தூர்த்தோம். சின்னத்துரை அண்ணையின் பிள்ளைகள் அவரை வெளிநாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த வளவில் இப்போது ஆளில்லை. பூவரச மரமும் பட்டுவிட்டது. பிறகு நிலத்தை மட்டமாக்கி, வாழை வைத்து, வாழையையும் எடுத்துவிட்டோம். எங்கே இருந்தது காட்டு என்று யாராவது கேட்டால் எனக்கு இடம் தெரியாது.

பின்னேரத்தில் பூமணி கொடியிலிருந்து உடுப்பு எடுக்கப் போவாள். கிணற்றடியால் நேரே நடந்தால் பத்துக் காலடிகூட இல்லை. அவள் நேரே போவதில்லை. பாதி வழியில் ஒரு பக்கமாக ஒதுங்கி, வளைந்து, மறுபடி நேராகி நடக்கிறாள். கை நிறைய உடுப்போடு திரும்பி வரும்போதும் அப்படித்தான். கேட்டால் அவளுக்கே தெரிந்திருக்காது. நான் கேட்கவில்லை. அவள் கால் வளைகிற இடத்தைப் பார்த்துத்தான் பங்கர் எங்கே இருந்தது என்று இப்போது நான் அறிகிறேன்.