நிலவுச் சாவி

வீடியோ விளையாட்டுக்குள் சாவிகளை ஒளித்து வைப்பதுதான் ஹிசானோவின் வேலை. எந்தப் பெட்டியில் எந்தச் சாவி, அது எந்தக் கதவைத் திறக்கும் என்றெல்லாம் முடிவு செய்துவிட்டு, தானே ஆடிப் பார்த்து ஓட்டை தேடுவாள். ஒசாகாவில் ஒரு நூடுல்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. பக்கத்து மேசையில் நான் ஆட்டத்தில் வரும் பூதங்களை வரைந்துகொண்டிருப்பேன். திரையில் அவள் ஒவ்வொரு சுவரிலும் போய் முட்டுவதைப் பார்த்தால் எனக்கே தலை வலிக்கும்.

கடைசிக் கோபுரத்தைத் திறப்பது நிலவுச் சாவி. விளையாட்டுக்குள் இருக்கும் கடையில் அதை விற்க முடிகிறது என்று ஒருநாள் கண்டுபிடித்தாள். விற்றால் போச்சு. கடைக்காரர் திருப்பித் தரமாட்டார், வேறு சாவியும் கிடையாது. ஆட்டத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

முதலாளி உராபேயிடம் ஓடினாள். அவர் வியாபாரிகளின் ஊரான ஒசாகாவிலேயே பரம்பரையாகத் துணிக்கடை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர்.

"சாவியை மட்டும் வாங்கமாட்டேன்னு கடைக்காரரைச் சொல்ல வெச்சிடலாம் முதலாளி."

"வாசல் ஏறி வந்தவங்ககிட்ட முடியாதுன்னு சொல்றதா? ஒசாகாவுல அப்படி ஒரு கடையைக் காட்டும்மா பாப்போம்! டோக்கியோக்காரன் வேணா சொல்லுவான்."

"பாவம், ஆடுறவங்க மாட்டிக்குவாங்களே?"

"சாவியைப் போய் விக்கிற அளவுக்கு எவன் முட்டாள்?"

ஆட்டம் அப்படியே ஆலைக்குப் போனது. கேசட்டில் பதித்த பிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. புத்தாண்டுக்குப் பெரியவர்கள் கொடுக்கும் காசு பிள்ளைகள் கையில் புரளும் நேரம் பார்த்து வெளியிட்டோம். சாவிக்கு நல்ல விலை கிடைத்ததால் ஆளாளுக்கு அதை விற்று வாள் வாங்கினார்கள். தொலைபேசி ஓயவில்லை. பதில் சொல்ல ஹிசானோவையே உட்கார வைத்தார் அந்த மனுஷன். உண்மையைச் சொல்லக் கூடாதாம், கடைகளிலிருந்து கேசட்டுகள் திரும்பி வந்துவிடுமாம். இன்னொரு சாவி இருக்கிறது, தேடுங்கள் என்றுதான் சொல்ல வேண்டுமாம். அவள் சொன்னாள். குரல் மட்டும் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது.

மழைக்காலத்தில் ஒரு தாய் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"என் பொண்ணு சிகுசா, நுழைவுத் தேர்வுல தோத்துட்டு மறுபடி படிக்கிறேன்னு வீட்டோட இருக்கா. இப்ப ரூமைப் பூட்டிட்டு உங்க ஆட்டத்தையே ஆடுறா. இன்னொரு சாவி இருக்குன்னு நீங்க போன்ல சொன்னீங்களாம். அது கிடைச்சாத்தான் வெளிய வருவாளாம். நேத்துலேருந்து ரூம் வாசல்ல வெச்ச சோறு அப்படியே இருக்கு. எங்கதாங்க இருக்கு அந்தச் சாவி?"

ஹிசானோ முதலாளியின் அறையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"இல்லீங்கம்மா. இல்லவே இல்ல. நான் சொன்னது பொய்."

"அதை அவகிட்டயே சொல்லுங்க. கதவுக்கு அடியில இடுக்கு இருக்கு, ரிசீவரை அங்க வெக்கிறேன்."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து எங்கள் கோபுர வாசலின் இசை கேட்டது. நாங்கள் எத்தனையோ முறை கேட்ட இசைதான்.

"சிகுசா! அந்தச் சாவியெல்லாம் ஒளிச்சு வெச்சவ நான்தான். வேற சாவி நான் வைக்கவே இல்ல. மன்னிச்சிரும்மா. வெளிய வந்து ஒரு வாய் சாப்பிடு."

இசை நின்றது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

"அதே குரல்," என்றாள் சிகுசா உள்ளிருந்து. "இருக்குன்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமா. அது பொய்."

"இல்ல. இப்பதான் பொய் சொல்றீங்க, அம்மா கெஞ்சினதால. நான் அந்தச் சாவிக்குக் கிட்ட வந்துட்டேன் போல. அதான் நிறுத்தப் பாக்குறீங்க."

ஹிசானோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இசை மறுபடி தொடங்கியது. சிகுசா சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.