ஆசியா பீவி கொடுத்த மாத்திரை

விருதுநகர் வத்தல் மண்டிக்காரர் நிஜாமின் குடும்பத்தில் ஆண்கள் ஐம்பதைத் தாண்டுவதில்லை. அவருடைய அத்தா நாற்பத்தெட்டில் மாரடைப்பில் போனார். சிறிய தகப்பனார் நாற்பத்தாறில். 2009-இல் நிஜாமுக்கு நாற்பத்தைந்து முடிந்ததும் அவர் மனைவி ஆசியா பீவி நாள்களை எண்ண ஆரம்பித்தாள்.

ஐம்பதைத் தாண்டிய ஒரே ஆள் நிஜாமின் அண்ணன் சாதிக் பாட்சா. ஆறு வருஷமாகக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டுக் குத்துக்கல்லாட்டம் இருந்தார். தம்பிக்கும் கொழுப்பு ஏறியிருக்கிறது என்று தெரிந்ததும் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தன் மாத்திரையையே, அதே அளவில், பெட்டியாக வாங்கி வந்துவிட்டார். மண்டியில் ஒரு மூட்டையைப் பிரித்து ஒரு பிடி வத்தலைப் பார்த்து, லோடு முழுவதற்கும் விலை பேசிப் பழகிய குடும்பம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளின் உடம்பையும் அப்படியே பார்த்தார்கள்.

“எனக்கு ஒத்துக்கிட்டது அவனுக்கு ஒத்துக்காதாம்மா? நீயே தினம் கையில குடு. அவன் ஏமாத்துவான்,” என்றார் ஆசியாவிடம்.

அவள் கொடுத்தாள். இரண்டாம் மாதம் நிஜாமுக்குத் தொடை கடுத்தது. மாடிப்படி ஏற முடியவில்லை. தொழுகையில் குனிந்தவர் எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தார்.

“ஆசியா, இதை நாலு நாள் நிறுத்திப் பாப்பமா?”

“மச்சான் ஆறு வருசமா முழுங்குறாக. அவுகளுக்கு என்ன செஞ்சுச்சு? சாக்குச் சொல்லாதீக.”

முழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லியும் பார்த்தாள். அவளைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். புருஷனைப் பறிகொடுக்கப் பயந்தவள், அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் நிஜாமின் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சிறுநீரகம் இரண்டும் கெட்டிருந்தன.

“இந்த மாத்திரையை ஈரல்தான் ரத்தத்துல இருந்து உள்ளே இழுக்கணும்,” என்றார் டாக்டர். “சிலருக்குப் பிறவியிலேயே அது சரியா நடக்காது. மருந்து ரத்தத்துல தேங்கி, சதையை உருக்கிடும். அந்தக் கழிவு போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்துடும். இவரும் அப்படிப்பட்ட ஆளா இருக்கலாம். போன வருஷம்தான் இதைக் கண்டுபிடிச்சு எழுதியிருக்காங்க.”

“அண்ணனுக்கு ஒன்னும் செய்யலையே, டாக்டர்,” என்றாள் ஆசியா.

“கூடப் பிறந்தவங்களுக்குள்ளேயே அது மாறும்மா.” டாக்டர் நிஜாமின் பக்கம் திரும்பினார். “வலி வந்ததுமே நிறுத்தியிருக்கலாமே. யாருமே சொல்லலையா?”

நிஜாம் ஆசியாவைப் பார்த்தார்.

“வீட்டுல நிறுத்தத்தான் சொன்னாக. நாந்தான் கேக்கல,” என்றார்.

அது பொய் என்று சொல்ல அவளுக்கு அங்கே வாய் வரவில்லை. நான்காம் நாள் நிஜாம் இறந்துபோனார்.

புருஷனை இழந்தவள் வெளியே போகாமல் இருக்கும் இத்தாவில் ஆசியா இருந்தாள்; அந்த வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: அத்தாவைப் போலவே மகனும் போயிட்டாரு, அது அந்தக் குடும்பத்து விதி. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு முஹ்சினாவும் அதையே சொன்னபோது ஆசியாவால் தாங்க முடியவில்லை.

“விதி இல்ல முஹ்சினா. வேண்டாம் வேண்டாம்னாக. நாந்தான் குடுத்தேன்.”

முஹ்சினா அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

“உன்னைப் போல புருசனைக் கவனிச்சவ இந்தத் தெருவுல யாரு இருக்கா? கண்டதையும் பேசாம படு தாயி.”