அம்மாவின் அட்ஜஸ்ட்

அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் அவள் நாள்தோறும் புழங்கியது ‘அட்ஜஸ்ட்’. திங்கள்சந்தை பஸ்ஸில் மூன்று பேர் இருக்கும் சீட்டின் பக்கம் நான்காவதாக ஒருத்தி வந்து நின்றால், அவள் கேட்பதற்கு முன்பே அம்மா ஜன்னலோடு ஒடுங்கிவிடுவாள். “இரிங்க, அட்ஜஸ்ட் செய்துக்கிடலாம்.” சொல்லாமல் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவளுடைய மீன் துண்டு அவர் தட்டுக்குப் போகும். மரச்சீனிக் கிழங்கைக் குழம்பில் தொட்டுத் தின்றுவிட்டு எழுந்துவிடுவாள்.

எனக்கு இந்தச் சொல் ஆகாது. வெள்ளைக்காரர்கள் கடிகாரத்தை அட்ஜஸ்ட் செய்வார்கள், மூக்குக் கண்ணாடியை அட்ஜஸ்ட் செய்வார்கள். நாம் ஆளை அட்ஜஸ்ட் செய்கிறோம். ‘விட்டுக்கொடு’ என்று தமிழில் சொன்னால் எதை, யாருக்கு என்று கேட்கவாவது வழியுண்டு. அட்ஜஸ்ட் என்றுவிட்டால் பேச்சு முடிந்தது. கல்யாணமாகிப் போன புதிதில் எனக்கும் பலர் அதைச் சொன்னார்கள். அம்மா மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை.

அப்பா கெட்டவர் இல்லை. பருவம் வந்தால் அவளுக்குப் பிடித்த அயினிச்சக்கைப் பழம் வாங்கிவருவார். ஆனால் அவர் அட்ஜஸ்ட் செய்து நான் பார்த்ததில்லை. கட்டிலின் நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே, கையையும் காலையும் பரத்திப் படுப்பார். அம்மா சுவரோரம் ஒருக்களித்துக் கிடப்பாள். அவர் இறந்து பல வருடங்கள் ஆன பிறகும் அவள் சுவரோரம்தான். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும்.

“இனி யாரு இருக்கா? நடுவுல படும்மா.”

“எனக்கு இவ்வளவு எடம் போதும் மக்கா. பழகியாச்சு.”

அடிவயிற்று வலியையும் அப்படித்தான் பழகியிருக்கிறாள். தாங்க முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று டாக்டர் கேட்டார். “கொஞ்ச நாளாட்டு உண்டு. அட்ஜஸ்ட் செய்துட்டு இருந்தேன்” என்றாள், ஏதோ நல்ல காரியம் செய்தவள் மாதிரி. டாக்டர் என்னைப் பார்த்தார். கடைசி வாரத்தில், தரையில் பாய் விரித்துக் கிடந்த என்னைக் கூப்பிட்டு, அந்த ஒடுக்கமான ஆஸ்பத்திரிக் கட்டிலில் கம்பியோடு நகர்ந்து இடம் விட்டாள்.

அவள் இறந்த அன்று, வந்த பெண்களெல்லாம் யாருக்கும் பாரமில்லாமல் போய்விட்டாள் என்று மெச்சினார்கள். எனக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை. அவளுக்கென்று ஒரு இடம் வேண்டும், முழுசாக. அது ஒன்றுதான் என் மனதில் ஓடியது. எங்கள் சர்ச்சின் சபைச் செயலரிடம் தனிக் கல்லறை கேட்டேன்.

“கல்லறைத் தோட்டத்துல எடம் எங்க இருக்கு? எல்லாரும் குடும்பக் குழியிலதான வைக்காங்க. அப்பாவுக்க குழியைத் தொறந்து வைக்கலாம். கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்யுங்க.”

“செத்த பொறவுமா அவ அட்ஜஸ்ட் செய்யணும்?”

சாவு வீடென்றும் பார்க்காமல் கத்தினேன். செயலரைச் சொல்லியும் குற்றமில்லை, இடம் நிஜமாகவே இல்லை. தம்பி என் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான்.

மனசு கேட்கவில்லை. அடக்கத்துக்கு முன்பே கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். குழி வெட்டுகிறவர் மார்பளவு ஆழத்தில் நின்று, அப்பாவின் எலும்புகளைப் பொறுக்கி ஒரு வெள்ளைத் துணியில் வைத்துக்கொண்டிருந்தார். சின்ன மூட்டைதான் வந்தது. அதைக் கட்டிக் கால்மாட்டில், மூலையோரமாகத் தள்ளிவைத்துவிட்டு, கையால் மண்ணை நிரவினார்.

“அம்மாவ எந்தப் பக்கமா வைப்பீங்க?” என்று கேட்டேன்.

“நடுவுலதான் மக்கா. அப்பாவத்தான் ஒதுக்கி வச்சாச்சே.”

காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. அப்பா அம்மாவுக்காக ஒதுங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.